விசுவாசத்துக்காகத் துன்பப்படும்போது வேதத்தில் எந்தப் பகுதி ஆறுதல் தரும்?

கேள்வியைப் பார்த்ததும் பலர் 91ஆம் சங்கீதத்தைத்தான் சொல்வார்கள். நல்ல சங்கீதம்தான், ஆனால் அடிபட்டவரின் கையில் முதலில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. ஆயிரம் பேர் விழுந்தாலும் 'அது உன்னை அணுகாது' என்று அதில் ஒரு வசனம் வருகிறது. இலங்கைப் போரின்போது, 1995 ஜூலை 9ஆம் திகதி, யாழ்ப்பாணத்து நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் அந்த வசனத்தை நீட்டிவிட்டு நாம் எந்த முகத்தோடு நிற்பது?

நான் சொல்வது 56ஆம் சங்கீதம். காத் ஊரில் பெலிஸ்தரிடம் பிடிபட்ட தாவீது பாடியதாகத் தலைப்பு சொல்கிறது. 'என் அலைச்சல்களை தேவரீர் எண்ணியிருக்கிறீர். என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்' என்பது எட்டாம் வசனம். துருத்தி என்றால் இங்கே தோற்பை. அதே வருஷம் ஒக்ரோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி, மழையில், நாவற்குழிப் பாலத்தால் பக்கத்துத் தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் போன எங்கள் அம்மம்மா பிற்காலத்தில் இந்த வசனத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பா. "துன்பம் வராது எண்டு இதில சொல்லேல்லை. கணக்கு அவரிட்ட இருக்கு எண்டுதான் சொல்லுது" என்பா. எனக்கு எந்தப் பிரசங்கத்தையும் விட அது போதுமாக இருந்தது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். போரில் எங்கள் சனம் பட்டது வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்பதற்காக அல்ல. நவாலியில் சைவர்களும் சேர்ந்துதான் செத்தார்கள். யாழ்ப்பாணத்தில் விசுவாசத்துக்காகவே நடந்த துன்புறுத்தல் என்றால் ஒல்லாந்தர் காலத்தைச் சொல்லலாம். 1658இல் அவர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமார் இங்கே இருக்கவே முடியவில்லை. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகள், யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்தில் மறைந்திருந்து இரவில் பூசை வைத்தார். துன்புறுத்திய ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், புரொட்டஸ்தாந்துக்காரர், அவர்கள் கையிலும் வேதம் இருந்தது. புரொட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். பரவாயில்லை, உறுத்தட்டும்.

அப்புறம், பேதுருவின் முதலாம் நிருபம். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று சிதறிக் கிடந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதன் நாலாம் அதிகாரத்தில், பற்றியெரிகிற அக்கினியைப் போன்ற சோதனையை ஏதோ புதுமை என்று நினைத்துத் திகைக்க வேண்டாம் என்கிறார். கூடவே, கொலைகாரனாகவோ திருடனாகவோ துன்பப்படாதே என்றும் எழுதுகிறார். அக்கம்பக்கத்தாரோடு காணிச் சண்டை பிடித்துவிட்டு அதற்குத் துன்புறுத்தல் என்று பேர் வைப்பவர்களும் நம்மில் உண்டு, அவர்கள் இந்த அதிகாரத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

கோபம் வந்தால்? 13ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்று கடவுளையே கேட்கிறது. 88ஆவது கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆறுதல் வேண்டுமென்றால் அழுகையை அடக்கத் தேவையில்லை என்று இவற்றிலிருந்துதான் நான் விளங்கிக்கொண்டேன். தனியே வாசிக்க முடியாவிட்டால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதுதான் வழக்கம்.

நீங்கள் வேறொருவருக்காகக் கேட்கிறீர்கள் என்றால் (மதம் மாறியதால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் என்று வைத்துக்கொள்வோம்), வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதற்கு முன் படுக்க இடமும் சாப்பாடும் கொடுங்கள். அவர் கேட்டால் 56ஐத் திறக்கலாம்.