ஸ்கெட்ச்புக் கொடுக்காததற்கு மார்க் குறைப்பது சரியா?

மகள் படத்தை நன்றாக வரைந்தும், பயிற்சி வரைவுகள் இருக்கும் நோட்டான ஸ்கெட்ச்புக்கைக் கொடுக்காததால் மார்க் குறைந்தது அநியாயம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொடக்கநிலை ஓவிய வகுப்பில் முடிந்த படத்தை மட்டும் பார்த்தால் ஏற்கெனவே வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் லாபம், அதனால்தான் முன்வரைவுகள், தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக் கோடு இழுக்கும் பயிற்சி, நடுத்தரமான எச்பி முதல் மென்மையான, கருமையான 6பி வரை பென்சில் மாற்றி நிழல் தீட்டிப் பார்த்த பக்கம் என்று எல்லாவற்றுக்கும் பல ஆசிரியர்கள் மார்க் வைக்கிறார்கள். இணையப் படத்தை அப்படியே நகலெடுத்ததா என்பதும் அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

சரி, வகுப்பு ஆரம்பத்தில் கொடுத்த விதிமுறைத் தாளில் தாமதத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், மறுபடி ஒப்படைக்கலாமா என்று பாருங்கள். அப்புறம் ஆசிரியரிடம் முதலில் மகளே பேசட்டும். விடுபட்ட பக்கங்களை அவசரமாக நிரப்பிப் பழைய தேதி போட மட்டும் விடாதீர்கள்.