வாசகர் கேள்வி: 407க்கு 11

கேள்வி (கல்லடி வாசகர்): என்ட மகன் எந்நேரமும் ஃபோன்ல அமெரிக்கன் ஃபுட்போல்தான் பாக்கான். 1906ல ஒரு கொலிஜ் டீம் சீசன் முழுக்க ஒரு மட்சும் தோக்காம 407 புள்ளி எடுத்து 11 மட்டும்தான் குடுத்ததெண்டு சொல்லுறான். புளுகுறானா?

பதில்: இல்ல, புள்ள சொல்லுறது சரிதான். அது செயின்ட் லூயிஸ் யுனிவேர்சிட்டி டீம், 11 மட்ச், 11லயும் வெற்றி. நம்ம வெபர் மைதானத்துக்குப் பேர் வந்தது ஒரு அமெரிக்க பாதரால எண்டு தெரியும்தானே, அவர் இருந்த அதே இயேசு சபைதான் அந்த யுனிவேர்சிட்டியையும் நடத்துது, அதால எனக்கு இது கொஞ்சம் சொந்தக்காரர் வீட்டுக் கதை மாதிரி.

1905ல இருந்து சொன்னாத்தான் விளங்கும். அப்ப பந்தை முன்னுக்கு எறிய ஏலாது, மூண்டு தரத்துக்குள்ள 5 யார்ட் போனாக் காணும், அதால பந்து வச்சிருக்கிறவனச் சுத்தி எல்லாரும் கூட்டமாச் சேந்து நடுவால முட்டிக்கொண்டு போறதுதான் ஆட்டமே. கொம்புமுறியில வடசேரியும் தென்சேரியும் இழுக்கும்தானே, இவங்க இழுக்காம இடிச்சாங்க எண்டு வச்சுக்கொள்ளுங்க, ஹெல்மட்டும் எல்லாரும் போடுறல்ல. அந்த ஒரு வருசத்தில மட்டும் 18 பேருக்குக் குறையாம செத்துப்போனாங்க, அதில கனபேர் சின்னப் பொடியன்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் எண்ட பெரிய யுனிவேர்சிட்டி ஆக்கள வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுக் கதைச்சார். மறுகா 1906ல ரூல்ஸ மாத்தினாங்க, 5 யார்ட் 10 ஆச்சு, பந்தை முன்னுக்கு எறியலாம் எண்டும் வந்துது.

ஆனா எறியிறதிலயும் ஒரு பொறி இரிந்துது. எறிஞ்ச பந்து ஒருத்தன்லயும் படாம நிலத்தில விழுந்தா பந்து மற்றப் பக்கத்துக்குப் போயிரும். அதால பெரிய கோச்மார் கனபேர் இந்த எறியிற வேலையே வேணாம் எண்டு விட்டுட்டாங்க. எடி கோக்கம்ஸ் எண்ட செயின்ட் லூயிஸ் கோச் மட்டும் பொடியன்கள விஸ்கொன்சின் பக்கம் லேக் பியூலா எண்ட இடத்துக்குக் கூட்டிப்போய் லீவு முழுக்க எறியப் பழக்கினார். அப்பத்தப் பந்து இப்ப மாதிரி கூரா இல்ல, வயிறு பெருத்த வெள்ளரிப்பழம் மாதிரி, ஒரு கைக்குள்ள அடங்காது. பிராட்பரி ரொபின்சன் எண்ட பொடியன் பந்தில தையல் போட்ட கயித்தில விரலக் குடுத்து, சுழண்டு போற மாதிரி எறியப் பழகிட்டான்.

1906 செப்டம்பர் 5, வோக்கீஷா எண்ட ஊர், கரோல் கொலிஜோட மட்ச். ரொபின்சன் முதல் எறிஞ்சது ஒருத்தன்ட கைக்கும் போகாம கீழ விழுந்து, ரூல் படி பந்து எதிராளிக்குப் போயிட்டு. நானெண்டா அதோட விட்டிருப்பன். அவன் அதே மட்ச்சில திரும்ப எறிஞ்சான், 20 யார்ட் போன பந்தை அதே டீம் ஜாக் ஷ்னைடர் பிடிச்சு டச்டவுன் (பந்தை எதிராளிட கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோய் எடுக்கிற புள்ளி) வச்சிட்டான், கடைசில 22-0. சீசன் முடியிற நேரம் அயோவாவ 39-0 எண்டு அடிச்சாங்க, எறிஞ்ச 10ல 8 கைக்குப் போய்ச் சேந்துது.

ஆனா 407ஐப் பாத்து ஒரேயடியா மயங்கிராதீங்க. அதுல 71 புள்ளி ரோலா எண்ட சின்ன ஊர் சுரங்கப் படிப்புக் கொலிஜுக்கு ஒரே மட்ச்சில அடிச்சது. யேல், ஹார்வர்ட் மாதிரி டீமோட இவங்க மோதவே இல்ல. கன்சாஸ் யுனிவேர்சிட்டிய 34-2 எண்டு வெண்டதுக்குத்தான் நான் கூடின மார்க்ஸ் போடுவன்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகி): கையால எறியிற விளையாட்டுக்கு என்னத்துக்கு ஃபுட்போல் எண்டு பேர்?

பதில்: அது ரகர்ல இருந்து பிரிஞ்சு வந்த விளையாட்டு. ரகருக்கே முழுப் பேர் ரக்பி ஃபுட்போல்தான். 1906ல டச்டவுனுக்கு 5 புள்ளி, காலால கம்புக்கு நடுவால அடிச்சா 4, அப்ப கால் ஒண்டும் லேசுப்பட்டதில்ல.

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): முதல் எறிஞ்ச அந்த ரொபின்சன் பொடியன் பிறகு என்ன ஆனார்?

பதில்: டொக்டரானார். 1947ல, நம்ம நாட்டில மலேரியாவுக்கு வீடு வீடா டிடிடி அடிச்சுக்கொண்டிருந்த காலத்தில, அந்த மருந்து ஆபத்து எண்டு அங்க எச்சரிச்ச ஆக்கள்ல அவரும் ஒருத்தர். 1949ல காலமானார்.