இரண்டாம் பக்கத்தை வைத்து எடை போடுங்கள்

கேள்வி: வயது 22. பியானோவில் எட்டாவது கிரேடு தேறிவிட்டேன். அடுத்து இசையமைப்பாளர் ஷோபானின் எட்யூட் (விரல் பயிற்சிக்கென எழுதிய தனி இசைத்துண்டு) ஒன்றைத் தொட ஆசை. எது எளிது, எது கடினம் என்று இணையத்தில் தேடினால் ஒரு பட்டியல் சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. எங்கள் மாஸ்டர், “ஓபஸ் (வெளியீட்டு எண்) 10-ல் மூன்றாவது மெதுவானது, அதில் ஆரம்பி” என்கிறார். நண்பன் ‘புரட்சி’ எட்யூடைச் சொல்கிறான். எனக்குக் கை சின்னது. ஆக்டேவ் (ஸ முதல் மேல் ஸ வரை) எட்டும், அதற்கு மேல் எட்டாது. வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. பியானோ தொடுவது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான். நானே எப்படித் தீர்மானிப்பது?
— வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, பட்டியல்கள் முட்டிக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம்கூடத் தன் வெளியீடுகளுக்கு 1 முதல் 9 வரை கடின எண் போடுகிறது. எந்தப் புத்தகம் வாங்குவது என்று பார்க்க அது உதவும், அவ்வளவுதான். ஷோபான் 1833-ல் ஓபஸ் 10 என்று 12, 1837-ல் ஓபஸ் 25 என்று இன்னொரு 12 வெளியிட்டார். இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு சிக்கலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடாதவை. அந்தச் சிக்கல் உங்கள் கைக்கு ஏற்கெனவே பழகியிருந்தால் எட்யூட் எளிது. இல்லையென்றால் பட்டியலில் அது எத்தனையாவது இடத்தில் இருந்தால் என்ன?

ஓபஸ் 10-ல் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அது வெறும் குரோமாட்டிக் ஸ்கேல், அதாவது வெள்ளை, கருப்பு எதையும் விடாமல் வரிசையாகப் போகும் சுரவரிசை. ஆனால் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்று மட்டுமே அந்த ஸ்கேலை ஓட்ட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கீழே கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) தட்டிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வரி யாருக்கும் வந்துவிடும், “இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள்” என்றுகூடத் தோன்றும். பக்கம் திருப்பும்போதுதான் சுண்டுவிரல் பக்கம் முன்கை இறுக ஆரம்பிக்கும். ஷோபான் போட்ட மெட்ரோனோம் (தாளக் கருவி) எண் 144, அதாவது நிமிடத்துக்கு 144 தட்டு. அந்த வேகத்தில் மொத்தமே ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அந்த ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட முடியாமல் நல்ல வாசிப்பாளர்களே நின்றுபோயிருக்கிறார்கள். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறுகிறவர் முதல் வளைவிலேயே மூச்சை அளப்பதில்லையே.

ஆகவே சோதனை இதுதான். இரண்டாம் பக்கத்தில் நோட்ஸ் அடர்த்தியாக இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுத்து, பாதி வேகத்தில், நிறுத்தாமல் இருமுறை வாசியுங்கள். முடித்ததும் இடது கையால் வலது முன்கையைத் தொட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் அந்த எட்யூட் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இறுகியிருந்தால் ஆறு மாதம் ஒத்திப்போடுங்கள். வலித்தால் அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள், வலியோடு சாதகம் செய்வது வீரம் கிடையாது.

மாஸ்டர் சொன்ன மூன்றாவது மெதுவானதுதான், எளிதல்ல. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மெட்டைப் பாட, அதே கையின் மீதி விரல்கள் துணைச் சுரங்களைத் தாழ்த்தி வாசிக்க வேண்டும். மெட்டு தெளிவாகக் கேட்காவிட்டால் எல்லாம் ஒரே சத்தமாகிவிடும். நடுவில் இரண்டு கைகளுக்கும் வரிசையாக ஆறாம் இடைவெளி ஜோடிகள் (ஒன்றுக்கொன்று ஆறாவதான இரு சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) வரும். அந்த இடம் மெதுவும் இல்லை. நண்பர் சொன்ன ‘புரட்சி’யில் (ஷோபான் வைத்த பெயர் அல்ல அது) பாரம் இடது கைக்கு. ஸ்கேல், ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) நன்றாகப் பழகியவர்களுக்கு, பெயரைக் கேட்டுப் பயந்த அளவுக்கு அது இருக்காது. ஆனால் கீபோர்டில் இடது கையால் கார்டு மட்டுமே பிடித்துப் பழகியவர் என்றால் வேண்டாம். ஓபஸ் 10-லேயே ஒன்பதாவது எளிது என்று பல பட்டியல்கள் சொல்லும். அதில் இடது கை அகலமாக விரிந்தே இருக்க வேண்டும், அதனால் உங்கள் கைக்கு அது சரிப்படாது.

கீபோர்டு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எடையில்லாத கட்டையில் எது எளிது என்று முடிவு செய்யவே கூடாது. இன்றைய பியானோவில் ஒரு கட்டையை அழுத்த ஏறக்குறைய 50 கிராம் வேண்டும்; ஷோபான் விரும்பிய பிளெயல் நிறுவனப் பியானோக்கள் இதைவிட லேசானவை. போதாததற்கு ஐப்பசி மழையில் மரமும் ஃபெல்ட்டும் ஈரம் குடித்து ஊதினால் சர்ச் பியானோ இன்னும் மந்தமாகும். சித்திரை வெயிலில் வேறு தொல்லை, வியர்த்த விரல் கருப்புக் கட்டையில் வழுக்கும். ஓபஸ் 10-ல் ஐந்தாவது எட்யூடில் வலது கைக்கு ஒரே ஒரு சுரம் தவிர எல்லாம் கருப்புக் கட்டைதான் என்பதால், அதை மே மாதத்தில் எடை போடாதீர்கள்!

உங்களுக்கு நான் சொல்வது ஓபஸ் 25-ல் இரண்டாவது, எஃப் மைனர் சுருதியில் உள்ளது. வலது கை பெரும்பாலும் நெருக்கமாகவே ஓடும், விரிக்க வேண்டியது குறைவு. வலது கை மும்மூன்றாக வேகமாக ஓட, இடது கை அதில் பாதி வேகத்தில் மும்மூன்றாகவே போகும். இரண்டின் அழுத்தமும் ஒரே இடத்தில் விழாது. கை களைக்காது, காதுதான் குழம்பும். அதனால் முதல் வாரம் தனித்தனிக் கையாக, அப்புறம் மெட்ரோனோம் வைத்துச் சேர்த்து வாசியுங்கள்.

மாஸ்டரிடம் இதை மறுப்பாகக் கொண்டுபோக வேண்டாம். “சார், மூன்றாவதில் நடுப்பக்கத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். வாசித்து முடித்ததும் அவரே வேறு ஒன்றைச் சொல்லக்கூடும்.