கோன் ஃபில்டர் மாட்டினால் 12 குதிரைசக்தி கூடுமா? முதலில் அளந்து பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னிடம் 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோன் ஃபில்டரோடு வரும் இன்டேக் கிட் ஒன்றும், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து 12 குதிரைசக்தி கூட்டும் என்று கடையில் சொன்னார்கள். மாமாவின் பட்டறையில் நானே மாட்டப்போகிறேன். எப்படி மாட்டுவது, பவர் உண்மையிலேயே கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

மற்றவர்களுக்காக ஒரு வரி: இன்டேக் கிட் என்பது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய், கோன் ஃபில்டர் அதன் வாயில் பெட்டி இல்லாமல் திறந்து நிற்கும் கூம்பு வடிவ ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் என்பது புகையைத் தடையில்லாமல் விடும் சைலன்சர். தம்பி, நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பாகம் இன்னும் டப்பாவில் இருப்பது நல்லதாகப் போயிற்று. மாட்டிய பிறகு அளக்க ஆரம்பித்தால் எதோடு ஒப்பிடுவது? கார் இப்போது இருக்கும் நிலையில் எடுக்கும் அளவுதான் உங்களுக்கு ஆதாரம். இந்த வேலையில் நான் பார்த்த ஏமாற்றங்களில் பாதிக்கு மேல் அந்த முதல் அளவை எடுக்காததால் வந்தவை.

உங்கள் எஞ்சின் 1197 சிசி, டர்போ இல்லாதது. கம்பெனிக் கணக்கில் 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) 83 பிஎஸ் (ஏறக்குறைய குதிரைசக்திதான்), 4200-இல் 113 நியூட்டன் மீட்டர் டார்க். 83-இல் 12 கூட வேண்டுமென்றால் எஞ்சினுக்குள் போகும் காற்றும் ஏறக்குறைய 14 சதவீதம் கூட வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். அப்படியானால் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3,590 லிட்டர் காற்று. இந்தக் காற்றுக்குப் பழைய ஃபில்டர் பெட்டி எவ்வளவு தடையாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. நல்ல செய்தி, அதை நீங்களே அளந்துவிடலாம். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது.

ஹார்டுவேர் கடையில் கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் நான்கு மீட்டர் வாங்குங்கள். ஒரு மீட்டர் பலகையில் அதை 'யூ' வடிவத்தில் கட்டி, மை கலந்த தண்ணீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றுங்கள். பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரிலிருந்து ஒரு சிறிய பிரீதர் ஹோஸ் வந்து, ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்குத் திறக்கும் வால்வு) நடுவில் உள்ள குழாயில் சேரும். அந்த ஹோஸில் ஒரு 'டி' இணைப்பு வைத்து, ட்யூபின் ஒரு முனையை அங்கே மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். பலகையை நண்பர் ஒருவர் இடதுபக்க சீட்டில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, ட்யூப் ஜன்னல் வழியாக உள்ளே வரட்டும். ஜன்னல் திறப்பு எல்லா ஓட்டத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 'யூ' ட்யூபின் இரண்டு கால்களையும் குட்டையாக வைத்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 6000 வரை போகும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று நண்பர் பார்க்கட்டும். 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம். 20 சென்டிமீட்டர் காட்டினால், பெட்டியையும் ஃபில்டரையும் தூக்கியெறிந்துவிட்டு ஓட்டினாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது சுமார் இரண்டு சதவீதம், ஒன்றரை பிஎஸ் சொச்சம். இன்டேக் மட்டுமே 12 பிஎஸ் தர வேண்டுமானால் அந்தத் தண்ணீர் ஒன்றரை மீட்டருக்கு ஏற வேண்டும். பெட்டிக்குள் துணி அடைத்திருந்தால்தான் அப்படி ஏறும். குழாயின் நீளம் மாறும்போது காற்றலையால் நடு ஆர்பிஎம்மில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வரும் என்பது உண்மைதான். அது இங்கே கொஞ்சம் கூட்டினால் அங்கே கொஞ்சம் குறைக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் வெப்பம். கம்பெனிப் பெட்டி பார்க்க அசிங்கமான கறுப்பு பிளாஸ்டிக்தான். ஆனால் அதன் மூக்கு காரின் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த கோன் ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைக் குடிக்கும். வெளியே 35 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே அளவு காற்றில் எடை ஏழரை சதவீதம் குறைவு. தடையைக் குறைத்து இரண்டு சதவீதம் சம்பாதித்து, சூட்டில் அதைவிட அதிகமாக இழக்கும் வியாபாரம் இது. எனக்கு இது அனுபவத்தில் தெரியும். பல வருடங்களுக்கு முன் என் சொந்த காரில் திறந்த கோன் மாட்டினேன். உறுமல் சத்தம் கேட்டதும் பிக்கப் கூடிவிட்டதாக மனதார நம்பினேன், இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் அதையே சிபாரிசு செய்தேன். பிறகு டைனோவில் (சக்கரங்களை ரோலர் மேல் ஓடவிட்டு பவரை அளக்கும் கருவி) ஏற்றியபோது மேல் ஆர்பிஎம்மில் பழைய பெட்டியைவிட 3 பிஎஸ் குறைவாக வந்தது. அந்த இருவருக்கும் பழைய பெட்டியை என் செலவில் திருப்பி மாட்டிக்கொடுத்தேன். காது சொல்வதை நம்பி அதன் பிறகு நான் யாருக்கும் எதையும் மாட்டியதில்லை.

சரி, அளப்பதற்கு முன் காரைச் சர்வீஸ் செய்துவிடுங்கள். 62,000 ஓடிய காரில் அடைத்துப்போன பழைய ஃபில்டரோடு ஒரு அளவு எடுத்து, புது கோனோடு இன்னொரு அளவு எடுத்தால் கோன்தான் ஜெயிக்கும். ஆனால் சில நூறு ரூபாய் பேப்பர் ஃபில்டரைப் புதிதாக மாற்றியிருந்தாலும் அதே பலன் வந்திருக்கும். புது பேப்பர் ஃபில்டர், தேவைப்பட்டால் பிளக், சரியான டயர் காற்று, எங்கும் தேய்க்காத பிரேக். இவை முடிந்த கார்தான் ஒப்பிடத் தகுந்தது. காரின் கம்ப்யூட்டரான ஈசியூ தரும் எண்களைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி, உள்ளே போகும் காற்றின் வெப்பம், ஃப்யூவல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்), இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) மூன்றையும் பதிவுசெய்து வையுங்கள். பின்னால் இவைதான் பேசும்.

ரோட்டில் ஓட்டி நேரம் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கார் ஆளோடு சேர்த்து சுமார் 950 கிலோ. 40-இலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் போக 5 விநாடி எடுக்கிறது என்று வைப்போம். பவர் இரண்டு சதவீதம் கூடினால் மிச்சமாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் அதைவிட அதிகமாகத் தவறும். செல்போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும், அதுவும் உதவாது. 70 கிலோ நண்பர் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் எடை ஏழு சதவீதம் கூடிவிடும். 37 லிட்டர் டேங்க் நிரம்பியிருப்பதற்கும் கால் டேங்குக்கும் 20 கிலோ வித்தியாசம், அது மட்டுமே இரண்டு சதவீதம். காலையில் ஒரு ஓட்டம், மத்தியானம் ஒரு ஓட்டம் என்றால் எல்லாம் வீண்.

ஆகவே ரோட்டில் அளப்பதானால் விநாடிக்கு 10 முறை பதிவுசெய்யும் ஜிபிஎஸ் கருவி வேண்டும். அதே சமதளமான இடம், போக ஒன்று வர ஒன்று என்று ஐந்து ஜோடி ஓட்டம், ஒரே ஆள், ஒரே அளவு பெட்ரோல். ஐந்து ஜோடிக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள். பாகம் மாட்டிய பிறகு வரும் மாற்றம் அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் மட்டுமே அதை மாற்றம் என்று சொல்லலாம். பொது ரோட்டில் இந்த வேலையை நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்களுக்குப் பக்கத்தில், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொதுமக்கள் கார் ஓட்ட அனுமதிக்கும் நாள் எப்போது என்று விசாரித்துப் போங்கள்.

டைனோ கிடைத்தால் அதுதான் நேர்வழி. ஆனால் அங்கேயும் ஏமாறலாம். நான்காவது கியரில் ஓட்டச் சொல்லுங்கள், உங்கள் காரில் அதுதான் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். ரிப்போர்ட்டில் இருப்பது சக்கரத்தில் அளந்த பவரா, எஞ்சினில் இருப்பதாகக் கணித்த பவரா என்று கேளுங்கள். முன்சக்கர கார்களில் இடையில் 15 சதவீதம் அளவுக்குப் போய்விடும். அந்தச் சதவீதத்தை மாற்றிப்போட்டே சிலர் பவரைக் கூட்டிக் காட்டிவிடுகிறார்கள். வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் போடும் திருத்தக் கணக்கு முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்ஏஇ ஜே1349 கணக்கை விட்டு எஸ்டிடி என்ற பழைய கணக்குக்கு மாறினாலே சுமார் நான்கு சதவீதம் ஏறிவிடும்!

நான் செய்யும் முறை இது: கம்பெனிப் பெட்டியோடு மூன்று ஓட்டம், கார் ரோலரில் இருக்கும்போதே கோனை மாட்டி மூன்று ஓட்டம், மறுபடி கம்பெனிப் பெட்டியோடு மூன்று ஓட்டம். கடைசி மூன்றும் முதல் மூன்றைப்போலவே வந்தால்தான் நடுவில் வந்ததை நம்புவேன். பெரும்பாலானோர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். எஞ்சினும் டயரும் சூடாகி வந்த வித்தியாசம் பாகத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. டைனோவில் பானட் திறந்திருக்கும், எதிரே பெரிய ஃபேன் ஓடும். அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் உங்கள் பானட் மூடித்தான் இருக்கும். அதனால் பானட்டை மூடியும் ஒரு ஓட்டம் கேளுங்கள், உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மாட்டுவது. இன்டேக், சைலன்சர் இரண்டையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். முதலில் ஒன்று, அதை அளந்து முடித்த பிறகு மற்றது. எஞ்சின் ஆறியிருக்கட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பெட்டியைக் கழற்றியதும் திறந்த குழாயில் துணி வைத்து மூடுவோம். அந்தத் துணியில் ஒரு சிவப்புக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், மறந்து மாட்டிவிட்டால் எஞ்சின் அதை இழுத்துவிடும். பழைய குழாயில் காற்றோட்ட சென்சார் இருந்தால், புதுக் குழாயில் அது உட்காரும் இடத்தின் உள்விட்டம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். குழாய் பெரிதாக இருந்தால் சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டும், ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடும். ஆயில் தடவும் காட்டன் ஃபில்டர் என்றால் கொஞ்சமாகத் தடவி ஒரு இரவு விட்டுவிடுங்கள், மிஞ்சிய ஆயில் போய்ப் படிந்தால் சென்சாரின் சூடான கம்பி தப்பாகப் படிக்கும். பிரீதர் ஹோஸைப் புதுக் குழாயில் கட்டாயம் இணைக்க வேண்டும். சின்ன ஃபில்டர் ஒன்றைச் சொருகி வெளியே விடுவது எஞ்சினுக்கும் நல்லதல்ல, காற்றுக்கும் நல்லதல்ல.

சைலன்சரைப் பொறுத்தவரை, பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். எல்லா ரப்பரிலும் தொங்கவிட்டு, போல்ட்டுகளைத் தளர்வாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பின்னோக்கி முறுக்கிக்கொண்டு வாருங்கள். பிறகு வாக்குவம் கிளீனரின் ஊதும் வாயைச் சைலன்சரின் வாலில் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி வந்தால் லீக். புகையின் விஷத்தைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரைத் தொடவே கூடாது. அதை எடுத்துவிட்டால் பவர் வரும் என்று சொல்பவர்களிடம் காரை விடாதீர்கள். விஷப்புகை முழுவதும் பின்னால் வரும் டூவீலர்காரர் முகத்துக்குத்தான் போகிறது.

200 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம்மைப் பாருங்கள். மாட்டும் முன் எடுத்த எண்ணிலிருந்து நாலைந்து சதவீதம் நகர்ந்தால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் எங்கோ லீக், இல்லையென்றால் சென்சார் குழப்பம். ஐடிலில் மட்டும் கூடுதலாக இருந்து ரேஸ் கொடுக்கும்போது குறைந்தால், சென்சாருக்குப் பின்னால் காற்று கசிகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 1000 கிலோமீட்டரில் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் தூசி தெரிந்தால், எவ்வளவு பவர் கொடுத்தாலும் அந்த ஃபில்டர் வேண்டாம். நம் ஊர்த் தூசி பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். மழைக்காலத்தையும் யோசியுங்கள். கீழே பம்பருக்குள் இறங்கும் நீளக்குழாய் கிட் என்றால் தேங்கிய தண்ணீரை எஞ்சின் உறிஞ்சிவிடும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. சத்தம் போடும் சைலன்சர்தான் முதலில் போலீஸ் கண்ணில் படும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாட்டினால் கிளெய்ம் நேரத்தில் தகராறு வரும். சைலன்சரைப் பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

இந்த வாரமே ட்யூப் சோதனையைச் செய்துவிடுங்கள். அதற்குள் கோன் கிட்டின் சீலைப் பிரிக்க வேண்டாம். பிரிக்காத டப்பாவையும் பில்லையும் கொண்டுவந்தால் எத்தனை நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று கடையில் இன்றே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தண்ணீர் 20 சென்டிமீட்டருக்குள் நின்றால் கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் போடுங்கள். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், பெட்டியில் எங்கே அடைப்பு என்று சேர்ந்து பார்ப்போம்.