ஜெர்மன் மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பாக: கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி, மதுரை): ஜெர்மனில் ஓர் எழுத்துகூடத் தெரியாத நான் நேரடியாக பி.ஏ.வில் சேர முடியுமா?

பதில்: சேரலாம். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் படிப்பு அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகிறது. சேர்க்கை சியூஇடி என்னும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் வழியே நடைபெறுகிறது. ஹைதராபாத்திலுள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தையும் விசாரித்துப் பாருங்கள், அம்மா.

கேள்வி (மாணவர் ஒருவரின் தந்தை, கோவை): ஜெர்மன் கற்பிக்கும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் பி2 நிலை முடித்தால் போதாதா? மூன்றாண்டுகள் எதற்கு, ஐயா?

பதில்: மகனின் நோக்கம் ஜெர்மனியில் வேலை என்றால் பி2 சான்றிதழே பெரும்பாலும் போதும். ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு மொழித்திறன் நிலைகள் ஒருவரால் அம்மொழியில் என்ன செய்ய முடியும் என்பதை அளக்கின்றன. அம்மொழி எவற்றையெல்லாம் கடந்து வந்தது என்பதை அவை கேட்பதில்லை. 1920இல், இன்று உக்ரைனிலுள்ள செர்னோவிட்ஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த பவுல் செலான், நாஜிக் காலத்து இனவழிப்பில் பெற்றோரை இழந்த பிறகும், அதைச் செய்தவர்களின் மொழியாகவும் தம் தாய்மொழியாகவும் இருந்த ஜெர்மனிலேயே கவிதை எழுதினார். அவரது ஒரு வரியை வகுப்பில் ஒரு மணி நேரம் வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு மொழி சுமக்கும் வரலாறு மாணவருக்குப் புலப்படுகிறது. பல்கலைக்கழகம் தரவேண்டியது அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர், தஞ்சாவூர்): பெயர்ச்சொல்லுக்கு முன் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (நடுப்பால்) என்று வரும் மூன்று பால்களிலும் வேற்றுமைகளிலும் திணறுகிறேன். தமிழறிவு இதற்கு உதவுமா?

பதில்: பாலில் உதவாது. தமிழில் பால் பொருளைப் பற்றியது. ஜெர்மனில் அது சொல்லைப் பற்றியது, அதனால்தான் சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ அதன் விகுதியின் காரணமாக நடுப்பாலாக நிற்கிறது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் டெர், டீ, டாஸோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வேற்றுமையிலோ தமிழ் பெருந்துணை. ‘மியர் இஸ்ட் கால்ட்’ (எனக்குக் குளிர்கிறது) என்பதை ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் ‘இஷ் பின் கால்ட்’ என்று தவறாக அமைத்து, ‘நான் ஈரமற்ற மனத்தவன்’ என்ற பொருள்பட வைத்துவிடுகிறார்கள். ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் நினைத்துப் பழகிய நமக்கு ‘எனக்கு’ என்னும் பொருளுடைய ‘மியர்’ இயல்பாகவே வந்துவிடும். ‘வைல் இஷ் கிராங்க் பின்’ (நான் நோயுற்றிருப்பதால்) என்ற துணைவாக்கியத்தில் வினை கடைசியில் நிற்பதும் அப்படித்தான்.

கேள்வி (பி.ஏ. முடித்தவர், சேலம்): எம்.ஏ.வை ஜெர்மனியிலேயே படித்தால் செலவு தாங்குமா?

பதில்: அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ பெற்று வருகிறது. தங்கும் செலவே பெரிது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கிளம்புமுன் ஒரு ஜெர்மன் சிறுகதையையாவது ஆங்கிலத்தின் துணையின்றி நேரடியாகத் தமிழாக்கிப் பாருங்கள். அப்படிச் செய்யக்கூடியவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.