உமிமேல் பழி போடாதீர்கள்: பாய்லரில் சாம்பல் உருகிக் கட்டியாவது ஏன்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். நெல் அவிக்கும் பாய்லருக்கு இதுவரை உமி மட்டும்தான் போட்டோம். உமிக்கு வெளியில் நல்ல விலை கிடைப்பதால் இப்போது பாதிதான் உமி, மீதிக்குக் கடலைத்தொலியும் சீமைக்கருவை வேர்க்கட்டையும். கிரேட்டின் (எரிபொருள் கிடந்து எரியும் துளையுள்ள இரும்புத் தட்டு) மேல் கருங்கல் மாதிரிக் கட்டி பிடிக்கிறது; அடுப்பை அணைத்து உடைக்க வேண்டியிருக்கிறது. உமியில்தான் சாம்பல் அதிகம், அதை அடியோடு நிறுத்துங்கள் என்கிறார் பாய்லர் அடுப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். உமியில் சாம்பல் அதிகம் என்பது உண்மை. நூறு கிலோ எரிந்தால் 15 முதல் 20 கிலோ வரை சாம்பல் நிற்கும். சுத்தமான விறகில் ஒரு கிலோ தேறினாலே பெரிது. ஆனால் கட்டி பிடிப்பதற்குக் காரணம் சாம்பலின் அளவு இல்லை, அதில் என்ன இருக்கிறது என்பதுதான். இத்தனை காலம் வெறும் உமியை எரித்தபோது இந்தத் தொல்லை வரவில்லையே.

உமிச் சாம்பலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். தனியாக அது உருக 1700 டிகிரி செல்சியஸ் வேண்டும். உங்கள் அடுப்பு அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. கடலைத்தொலியிலும் கருவையிலும் பொட்டாசியம் இருக்கிறது. வயலுக்குச் சாம்பல் சத்து என்று போடுகிறோமே, அது. இது சிலிக்காவோடு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்துவிட்டால் 770 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். மணலோடு காரம் சேர்த்துக் கண்ணாடி உருக்குவதும் இந்த வழியில்தான். தனித்தனியாக எரித்தால் அடங்கி எரியும் எரிபொருள்கள், ஒரே கிரேட்டில் கலந்ததும் கண்ணாடி ஆகின்றன.

உமியை நிறுத்தினாலும் தொல்லை முழுதாகத் தீராது. காரணம் அந்த வேர்க்கட்டை. கருவையின் தண்டும் கிளையும் அருமையான விறகு. வேரைத் தோண்டி எடுக்கும்போது செம்மண்ணும் மணலும் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. உமி தராத சிலிக்காவை அந்த மண் தந்துவிடும். எடை போட்டு வாங்கும்போது மண்ணுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள், அது வேறு. முடிந்தால் வேரே வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் திறந்த வெளியில் ஒரு மழையில் நனையவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் தட்டி உதறி உள்ளே அனுப்புங்கள். களத்தில் கூட்டி அள்ளிய கடலைத்தொலியைச் சலிக்காமல் போடாதீர்கள்.

அப்புறம், உமியை ஒரு நாள், தொலியை ஒரு நாள் என்று பிரித்து எரியுங்கள். மாற்றும்போது கிரேட்டைச் சுத்தமாக வழித்துவிட வேண்டும். வைக்கோலையும் தேங்காய் நார்க்கழிவையும் கலக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வைக்கோலில் சிலிக்காவும் பொட்டாசியமும் ஒன்றாகவே இருக்கின்றன. நார்க்கழிவில் பொட்டாசியத்தோடு குளோரினும் உண்டு. அது பாய்லர் குழாயில் உப்பாகப் படிந்து இரும்பை அரிக்கும்.

அடுத்தது காற்று. ஒரு கட்டி உருவானால் அந்த இடத்துக் காற்றுத் துளைகள் அடைபடும். அடியிலிருந்து வரும் காற்று முழுதும் பக்கத்துத் துளைகளில் பீறிட, அங்கே சூடு தாறுமாறாக ஏறி அடுத்த கட்டி. அதனால் அடுப்பு ஆறியிருக்கும்போது ஒவ்வொரு துளையையும் குத்தி விடுங்கள். எரிபொருளை மலையாகக் குவிக்காமல் மெல்லிய படுகையாகப் பரப்பச் சொல்லுங்கள். ஃபயர்மேனிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எரியும் படுகையை அடிக்கடி கிளறக் கூடாது. கிளறினால் அடியில் ஆறிக் கிடக்கும் சாம்பல் மேலே சூடான இடத்துக்குப் போய் உருகும். நல்லது என்று நினைத்துச் செய்வதே கட்டியை வளர்க்கிறது.

கட்டியை உடைத்துப் பாருங்கள். கையிலேயே பொடிந்தால் சாம்பல் இப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கிறது. காற்றைச் சரிசெய்தாலே போதும். உள்ளே கண்ணாடி மினுமினுப்பு தெரிந்தால் முழுதாக உருகியிருக்கிறது, கலவையை மாற்றித்தான் ஆக வேண்டும். புது எரிபொருள் வாங்குமுன் அதன் சாம்பலைக் கொஞ்சம் மஃபிள் அடுப்பில் (வேண்டிய சூட்டை வைத்துக்கொள்ளக்கூடிய மூடிய அடுப்பு) 800, 900, 1000 டிகிரியில் தனித்தனியாக ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பது நல்லது. எந்தச் சூட்டில் ஒட்டுகிறது என்று கண்ணாலேயே தெரியும். வேதியியல் ஆய்வகங்களில் இந்த அடுப்பு இருக்கும்.

தொலி எரிக்கும் நாளில் நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ கயோலின் என்ற வெள்ளைக் களிமண் தூவிப் பார்க்கலாம். அது பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு உருகுநிலையை உயர்த்தும். செலவு உண்டு, சாம்பலும் கூடும். மற்றதெல்லாம் செய்தபிறகு இதற்கு வாருங்கள்.

கட்டியை உடைக்கும் அவசரத்தில் சூடான கிரேட்டில் மட்டும் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பும் தீச்செங்கலும் விரிசல் விடும், சீறி எழும் ஆவி ஆளை வேகவைத்துவிடும். ஆறும்வரை காத்திருந்து உடையுங்கள்.