பதில்: பிங் நன்றாக இருக்கிறது, கோப்பும் பில்லும் மட்டும் இழுக்கின்றன

வணக்கம். கீழக்கரைக் கடையில் பிங் (இணைப்பைச் சோதிக்க அனுப்பும் சின்னத் தகவல்) 1 மில்லி செகண்டுக்குள் வருகிறது, ஆனால் கிடங்கு சர்வரிலிருந்து பெரிய கோப்பு எடுத்தால் ஊர்கிறது, பில்லில் ஒவ்வொரு வரிக்கும் சின்ன இழுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கோளாறு என்று எனக்குத் தோன்றவில்லை.

சர்வரின் நெட்வொர்க் கார்டை யாரோ 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (100 எம்பிபிஎஸ் வேகம், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் முறை) என்று கையால் வைத்துவிட்டதாகச் சொன்னீர்களே, கோப்பு விஷயத்தில் என் சந்தேகம் அங்கேதான். எதிரே ஆட்டோவில், அதாவது தானே பேசி முடிவெடுக்கும் நிலையில், இருக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு வேகம் மட்டும்தான் புரியும். டூப்ளெக்ஸ் தெரியாமல் ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) இறங்கிவிடும். பிங் மாதிரி ஒன்றிரண்டு பாக்கெட் (தகவல் துண்டு) தப்பித்துவிடும். இருபக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும்போதுதான் மோதல். இரண்டு முனையையும் ஆட்டோவில் வையுங்கள். அதற்குப் பிறகும் ஈத்டூலில் (லினக்ஸில் கார்டின் நிலையைக் காட்டும் கட்டளை) சிஆர்சி பிழை, அதாவது சிதைந்து வந்த தகவலின் எண்ணிக்கை, ஏறினால் கேபிள் முனையைப் பாருங்கள். நான் மண்டபத்துக்காரன், உப்புக்காற்றில் ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள் முனை) பின் பச்சை பூத்ததை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. துடைத்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புது முனையை அழுத்திக் கிரிம்ப் செய்யுங்கள்.

அப்புறம் பில். இழுப்பு ஒவ்வொரு முறையும் 40 அல்லது 200 மில்லி செகண்டை ஒட்டியே வந்தால் கேபிளைத் திட்டாதீர்கள். 1984இல் வந்த நேகிள் முறை, முந்தைய பாக்கெட்டுக்கு ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) வரும்வரை சின்ன பாக்கெட்டைப் பிடித்து வைக்கும். மறுமுனையோ ஒப்புகையையே அவ்வளவு நேரம் தாமதித்து அனுப்பும். மென்பொருள் எழுதியவரிடம் நேகிளை அணைக்கும் டிசிபி நோடிலே (TCP_NODELAY) அமைப்பைப் போடச் சொல்லுங்கள். வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பதிந்து காட்டும் மென்பொருள்) ஒரு பில் போடுவதைப் பதிந்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.